ஓலை போய்ச் சேர்ந்ததா?

அலுவலகக் குரலஞ்சல் கருவி தானாகவே வெளியே அழைத்துச் சேதி சொல்கிறது. அழைப்பு போனதா, யாராவது எடுத்தார்களா என்பதைப் பதிவேடு பார்த்துக் கண்காணிக்கிறார்கள். இந்தக் கண்காணிப்பைக் கணினிக் காலத்தின் கண்டுபிடிப்பாகக் கருதுவது தவறு. சோழநாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை ஆட்சிமுறையாக வைத்திருந்தது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடையாக அளித்தான். அதைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடு இதற்குச் சான்று. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை என்னும் எழுத்தன் எழுதினான். திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேலதிகாரிகள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். பிறகே அது வரிக்கணக்கில் ஏறியது. திருமுகம் எனப்பட்ட அரசாணை ஓலை ஊருக்கு வந்ததும், நாட்டுச் சபையினரான நாட்டார் எதிர்சென்று வணங்கித் தலைமேல் வைத்து, பெண்யானை நடத்தி எல்லை வகுத்து, கொடையை உறுதிசெய்யும் அறவோலை எழுதிக் கொடுத்தார்கள். அந்த அறவோலைதான் ஆணை சேர்ந்ததற்கும் நிறைவேறியதற்கும் அத்தாட்சி.

இது பெருங்கொடைக்கு மட்டும் நடந்த சடங்கு என்று மறுக்கலாம். ஆனால் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் இதே போன்ற அலுவலர் வரிசை வருகிறது. ஒருநாள் சடங்குக்காக எந்த அரசும் நிலையான பதவிகளை வைத்திருக்காது. வரி இழப்பைத் தடுக்கவே இத்தனை கவனம் என்பாரும் உண்டு. நோக்கம் அதுவே ஆனாலும் முறை மாறவில்லை: அனுப்பியவன் சொல்லை மட்டும் நம்பாமல், பெற்றவன் கையெழுத்தையும் கேட்டார்கள். அதேபோல் இன்று வெள்ள எச்சரிக்கையைப் பதிவுக்குரலில் அனுப்பும் அலுவலகங்கள் எத்தனை அழைப்பு போயிற்று என்று எண்ணுவதோடு நிற்க வேண்டாம். எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்பதையும் கணக்கில் எழுதட்டும்.