நேரலைக்குள் ஒளிந்திருக்கும் ஏழு வினாடி

உலகக் கிண்ணக் காற்பந்து நடக்கும் இரவுகளில் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் குடியிருப்புகளிலும் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஓரிடத்தில் 'கோல்' என்ற கூச்சல் எழுந்து அடங்கிய பிறகே, பக்கத்துத் தொலைக்காட்சியில் பந்து வலைக்குள் நுழையும். இரண்டுமே நேரலைதான். ஆனால், துணைக்கோளம் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலை மேலே போய்க் கீழே வர கால் வினாடி ஆகும். படத்தைச் சுருக்கி அனுப்பவும் மீண்டும் விரிக்கவும் மேலும் சில வினாடிகள் ஆகும். இந்தத் தாமதத்தை யாரும் விரும்பிச் செய்வதில்லை. விரும்பியே சேர்க்கும் தாமதம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் தணிக்கைத் தாமதம்.

நாடாவில் பிறந்த உத்தி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆலன்டவுன் நகரின் டபிள்யூ.கே.ஏ.பி. வானொலி 1952இல் இந்த உத்தியைக் கையாண்டது என்று ஒலிபரப்பு வரலாறு கூறுகிறது. நேயர் தொலைபேசியில் பேசுவதை ஒலிநாடாவில் பதிவு செய்து, சில வினாடி கழித்து அதே நாடாவிலிருந்து ஒலிபரப்பினார்கள். வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் ஏழு வினாடி தாமதம் வேண்டுமானால், பதிவு முனைக்கும் வாசிப்பு முனைக்கும் இடையே 52.5 அங்குல நாடா ஓட வேண்டும்.

1977இல் ஈவன்டைட் நிறுவனம் நாடாவை விடுத்து மின்னணு நினைவகத்தில் ஒலியைத் தேக்கும் கருவியைக் கொண்டு வந்தது. தகாத சொல் வந்ததும் பொத்தானை அழுத்தினால், தேங்கியிருந்த வினாடிகள் கழிந்துவிடும். நிகழ்ச்சி உடனே நிகழ்காலத்துக்குத் தாவிவிடும். அப்போது கையிருப்பில் தாமதம் இராது. அடுத்த வசவு வந்தால் தடுக்க முடியாது. ஆகவே, பேச்சைக் காதுக்குத் தெரியாத அளவு சிறிது சிறிதாக இழுத்து, கருவி இழந்த வினாடிகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்.

"வானொலிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள்" என்று அறிவிப்பாளர் நேயரிடம் சொல்வதற்கு ஊளைச் சத்தம் மட்டும் காரணமல்ல. தன் குரலே பிந்தி வந்து காதில் விழுந்தால் பேசுபவரின் நாக்கு தடுமாறும்.

படத்துக்குப் பெரிய தேக்கம்

தொலைக்காட்சிக்கு வேலை அதிகம். ஏழு வினாடி ஸ்டீரியோ ஒலிக்கு ஏறத்தாழ 1.3 மெகாபைட் போதும். சுருக்கப்படாத சாதாரணத் தரப் படத்துக்கோ சுமார் 236 மெகாபைட் வேண்டும். படமும் ஒலியும் ஒரே அளவு பிந்தாவிட்டால் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றாகிவிடும்.

2004 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் ஆடை விலகியது. ஒரே வாரத்தில், அதே சி.பி.எஸ். நிறுவனம் கிராமி விருது விழாவை ஐந்து நிமிடத் தாமதத்துடன் ஒளிபரப்பியது.

நம் நாட்டில்

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் தொடங்கியது. 1969இல் அது அங்காசாபுரிக்கு மாறியது. 1996இல் அஸ்ட்ரோ வந்தது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 211ஆம் பிரிவு ஆபாசமான, அநாகரிகமான உள்ளடக்கத்தைத் தடை செய்கிறது. பேசியவர் யாராக இருந்தாலும், ஒளிபரப்பிய நிலையமும் பதில் சொல்ல வேண்டி வரும்.

தணிக்கை வசவோடு நின்றுவிடுவதில்லை. 2009இல் ஆசிய நாடுகளுக்கு வந்த ஆஸ்கார் விழா ஒளிபரப்பில், ஓரினச் சேர்க்கையாளரைக் குறிக்கும் சொற்கள் ஒலியின்றி மறைக்கப்பட்டன. அவை வசவுச் சொற்கள் அல்ல. விருது பெற்றவர்கள் தங்கள் உரையில் சொன்னவை.

மறுபுறம், 2008 ஏப்ரல் 30 அன்று மக்களவையின் கேள்வி நேரம் 30 நிமிடம் நேரலையாக வந்தது. முதல் நாளே அவையில் கூச்சல் எழுந்தது. இதைத் தொடரலாமா என்ற கேள்வியும் எழுந்தது. தாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டது அந்தக் கூச்சலால்தான். அதை வெட்டியிருந்தால் மிஞ்சுவது என்ன?

சுவிட்சும் பொத்தானும்

2023 ஜூலை 21 அன்று சிப்பாங்கில் நடந்த இசை விழாவில் பிரிட்டிஷ் இசைக்குழுப் பாடகர் ஒருவர் அரசைத் திட்டி, மேடையில் சக ஆண் கலைஞரை முத்தமிட்டார். மறுநாளே விழா ரத்தானது. அதன்பின், வரம்பு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளில் வேண்டும் என்று அரசு கூறியது. நவம்பர் 22இல் புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிக்கு முன்பு அந்தப் பேச்சே பெரிதாக அடிபட்டது.

அரங்கில் அமர்ந்திருப்பவருக்குத் தாமதம் கிடையாது. எனவே அங்கே சுவிட்ச் முழு இரவையும் அணைக்கும். தொலைக்காட்சிப் பொத்தான் சில வினாடிகளை மட்டும் நீக்கும். சேதம் குறைவுதான். ஆனால் சுவிட்சைப் போட்டால் ஆயிரக்கணக்கானோருக்கு உடனே தெரிந்துவிடும். பொத்தானை அழுத்தினால், வீட்டில் இருப்பவருக்கு ஒன்று போயிற்று என்பதே பல நேரம் தெரியாது.

குழந்தைகளும் தாத்தா பாட்டியும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் வீட்டுக்குள் வசவு வராமல் காப்பது நியாயமே. அதே விரல் ஒரு நியாயமான கேள்வியையும் நொடியில் விழுங்கிவிட முடியும். எந்த நேரத்தில், என்ன காரணத்துக்காக, யார் அழுத்தினார் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால், அந்த விரலுக்கும் ஒரு பொறுப்பு வரும்.