உடுப்பியில் ஒரு வீடு: வங்கி போன பின்னும் நிற்கும் வரலாறு

உடுப்பி என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஒன்று கிருஷ்ணன் கோயில். மற்றொன்று மசால் தோசை. மூன்றாவதாக வங்கியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முப்பது வருஷத்துக்கு மேல் கர்நாடகத்தில் குடியிருப்பவன், வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன் என்ற முறையில் இந்தக் கட்டுரையை நம் சங்க மலருக்கு எழுதுகிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1969 ஜூலையில் 14 வங்கிகளும், 1980 ஏப்ரலில் 6 வங்கிகளும் தேசியமயமாயின. ஆக மொத்தம் 20. இத்தனை பெரிய தேசத்தில் இருந்த அந்த 20 வங்கிகளில் நான்கு, அன்றைய தென் கன்னட மாவட்டம் என்ற ஒரே மாவட்டத்தில் பிறந்தவை: கனரா வங்கி, சிண்டிகேட் வங்கி, கார்ப்பரேஷன் வங்கி, விஜயா வங்கி. தனியார் துறையிலேயே தொடர்ந்த கர்நாடகா வங்கியும் 1924-ல் அதே மாவட்டத்து மங்களூரில் தொடங்கியதுதான். பெரிய ஆலைகளோ, பம்பாய் போன்ற பெருவணிகமோ இல்லாத கடலோர மாவட்டம் அது. அங்கே இது எப்படி நடந்தது?

இதில் நமக்கும் ஒரு உறவு உண்டு. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை தென் கன்னடம் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகவே சென்னைப் பட்டணத்தில் வீசிய காற்று அங்கேயும் வீசியது. மயிலாப்பூரில் 1872-லேயே இந்து சாசுவத நிதி தொடங்கியிருந்தது. உறுப்பினர்கள் மாதாமாதம் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, தேவைப்பட்டபோது கடன் வாங்கிக்கொள்ளும் நிதி முறை நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பழக்கமானது. 1906 ஜூலையில் அம்மெம்பாள் சுப்பாராவ் பை மங்களூரில் தொடங்கியதன் பெயரும் 'கனரா இந்து சாசுவத நிதி' தான். அதுவே இன்றைய கனரா வங்கி.

அதற்கும் நாலு மாதம் முன்னதாக, 1906 மார்ச் 12-ஆம் தேதி, உடுப்பியில் ஒரு நிதி பிறந்துவிட்டது. அதற்குக் 'கனரா பாங்கிங் கார்ப்பரேஷன்' என்று பெயர். தொடங்கியவர் கான் பகதூர் ஹாஜி அப்துல்லா ஹாஜி காசிம் சாகேப். பெரிய வியாபாரி, அதைவிடப் பெரிய கொடையாளி. ஊரில் ஆஸ்பத்திரிக்கு நிலம் தந்தவர். மத்வாச்சாரியார் கிருஷ்ணனைப் பிரதிஷ்டை செய்த க்ஷேத்திரத்தில், ஒரு இஸ்லாமியப் பெருந்தனக்காரர் ஊராரை அழைத்து வங்கி தொடங்கினார் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வங்கிக்காக அவர்கள் வெளியிட்ட வேண்டுகோளில், சாதி மத வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் சேமிக்கும் பழக்கம் வரவேண்டும், எல்லாரும் ஒன்றுகூடிச் செயல்படும் பழக்கமும் வரவேண்டும், சுதேசியம் என்றால் இதுதான் என்று சொல்லியிருந்தார்கள். வங்காளப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் 1905-ல் மூண்ட சூடு ஆறாத நேரம். அன்னியத் துணியைக் கொளுத்தியது ஒரு வகைச் சுதேசியம் என்றால், உள்ளூர்ப் பணத்தை உள்ளூருக்கே உதவும்படி செய்தது இன்னொரு வகை.

தொடக்க மூலதனம் 5,000 ரூபாய். முதல் நாள் கணக்கு முடித்தபோது வங்கியில் சேர்ந்திருந்த தொகை 38 ரூபாய் 13 அணா 2 பை. இப்போதைய பிள்ளைகளுக்கு அணா, பை எல்லாம் தெரியாது. 12 பை ஒரு அணா. 16 அணா ஒரு ரூபாய். 1957-ல் வந்த நயா பைசாக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 38 ரூபாய் 82 காசு. 'அட, இவ்வளவுதானா!' என்று தோணும். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், முதல் ரூபாயை வாங்குவதுதான் கஷ்டம். வட்டிக்கடைக்காரரிடம் கடன் வாங்கித்தான் பழக்கம், பணத்தை வீட்டிலேயே பூட்டி வைத்துத்தான் பழக்கம் என்ற ஊரில் அந்த 38 ரூபாய் என்பது நம்பிக்கையின் அளவு.

அதே 1906 அக்டோபரில் சென்னையில் என்ன நடந்தது? வெள்ளைக்காரர்களின் பேர்பெற்ற அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. பென்ஷன் பணத்தையும் வாழ்நாள் சேமிப்பையும் அங்கே போட்டு வைத்திருந்த ஏராளமான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி. பட்டணத்தில் பெரிய கம்பெனி சாய்ந்த வருஷத்தில் தொடங்கிய உடுப்பியின் சின்ன நிதியோ சாயவில்லை. அவசரமும் படவில்லை. 17 வருஷம் ஒரே ஆபீஸ். 1923-ல்தான் குந்தாபுராவில் கிளை, 1926-ல் மங்களூரில். அதே உடுப்பியில் 1925-ல் தோன்றிய சிண்டிகேட் வங்கி, 1928-ல் 'பிக்மி' சேமிப்பைக் கொண்டுவந்தது. ஏஜெண்ட் வீடு தேடி வந்து தினமும் இரண்டணா வாங்கிக்கொண்டு போவார். பூக்காரியும் நெசவாளியும் வங்கி வாசலை மிதிக்காமலே வங்கிக்காரர்கள் ஆனார்கள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். ஹாஜி அப்துல்லா சாகேப் வாழ்ந்த வீடு உடுப்பியில் நிற்கிறது. கார்ப்பரேஷன் வங்கி அதைக் காப்பாற்றித் தன் பாரம்பரிய அருங்காட்சியகமாக ஆக்கியது. பண்டைய முத்திரை நாணயங்கள் தொடங்கி நம் காலத்து நாணயங்கள் வரை அங்கே காட்சிக்கு வைத்தார்கள். 'வங்கிக்கு இதென்ன பாரம்பரியம்? கோபுரமா, கோட்டையா?' என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நான் சொல்லும் பதில் இது: கோபுரம் ராஜா கட்டியது, கோட்டையும் ராஜா கட்டியது. சாதாரண ஜனங்கள் ஒருவரையொருவர் நம்பிக் காசு போட்டதற்குச் சாட்சி சொல்ல, இந்த மாதிரி வீடுகளை விட்டால் வேறு என்ன இருக்கிறது? பழைய கட்டடம் என்பதால் மட்டும் அதற்கு மதிப்பு இல்லை. அங்கிருந்து கிளம்பிய ஒரு எண்ணம் தேசம் முழுக்கப் போயிற்று என்பதால் மதிப்பு.

இதை இப்போது சொல்ல வேண்டிய அவசியமும் வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 1-ல் விஜயா வங்கி பாங்க் ஆப் பரோடாவில் இணைந்தது. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் கனராவிலும், கார்ப்பரேஷன் வங்கி யூனியன் பாங்க் ஆப் இந்தியாவிலும் இணைந்தன. நான்கில் மூன்று பெயர்கள் ஒரே வருஷ இடைவெளியில் போயின. நம் பக்கத்திலும் மதுரை வங்கி 2001-லும், கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020-லும் இப்படித்தான் கரைந்தன. இணைப்பு சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை. பெரிய வங்கிக்குப் பெரிய பலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர்டு மாறும், செக்புக் மாறும், பாஸ்புக் மாறும். அதோடு கதையும் மறந்துபோனால்? வேறு ஊரில் பிறந்த வங்கிக்கு உடுப்பி வீடு தன் தாய்வீடாகத் தோன்ற வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? அந்த நினைப்பை உயிரோடு வைக்க வேண்டியது ஜனங்கள்தான்.

இதில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பிழைக்க வந்த ஊரின் வரலாறு, வாழ்ந்துவிட்ட பிறகு நம் வரலாறும்தான். நம்மில் எத்தனை பேருக்கு முதல் சம்பளம் இந்த வங்கிகளில் ஒன்றில் ஏறியது! எத்தனை வீட்டுக் கல்யாணம் அந்தச் சேமிப்பில் நடந்தது!

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய பாஸ்புக், பிக்மி சீட்டு, வங்கிக் காலண்டர் ஏதாவது அலமாரியில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டி அது என்னவென்று சொல்லுங்கள். அடுத்த முறை உடுப்பி போகும்போது கிருஷ்ணனைச் சேவித்துவிட்டு, ஹாஜி அப்துல்லா சாகேப்பின் வீடு எங்கே என்று விசாரியுங்கள். நாலு பேர் விசாரித்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு பழைய வீட்டை இடிக்க யாருக்கும் மனசு வராது.