ஒற்றியும் குழிக்காணமும்

வாடகை வீட்டிலே வாழ்ந்து, மக்களைப் படிக்க வைத்து, "நமக்கென்று நாலு சென்ட் இடம் இவ்வூரில் வேண்டும்" என்று ஒருநாளேனும் கணக்குப் போட்டுப் பாராத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் இருத்தல் அரிது. கோட்டைக்குள்ளும், கரமனை ஆற்றங்கரையிலும், வலியசாலையிலும் தெருவமைத்து வாழ்ந்த தமிழர் உண்டு. சாலைக் கடைவீதிக்கு வாணிகத்தின் பொருட்டு வந்தவர் உண்டு. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பையிலிருந்து முதல் ராக்கெட்டு விண்ணில் எழுந்தபின் விண்வெளி நிலையப் பணிக்கென வந்தவரும் உண்டு. வந்த காலமும் காரணமும் வேறாயினும், வீடு வாங்கும் நாளில் எல்லாரும் சென்று நிற்பது ஆதாரம் எழுதுவோர் திண்ணையில்தான்.

அத்திண்ணையிலே தமிழர்க்கு ஒரு தடுமாற்றம் நேர்வதுண்டு. நாம் பத்திரம் என்பதை இவர்கள் ஆதாரம் என்பர். பட்டா மாற்றத்தைப் போக்குவரவு என்பர். வரி செலுத்துவோர் கணக்கைத் தண்டப்பேர் என்பர். தண்டல் என்னும் நம் பழஞ்சொல்லே அங்கு உறைந்து கிடக்கிறது. இவையெல்லாம் எளிதில் பழகிவிடும். பழகாதவை, நம் சொற்களே பொருள் மாறி எதிரில் வந்து நிற்பவை. பாத்தியதை என்றால் நமக்கு உரிமை. மலையாளத்திலோ அது கடனும் வில்லங்கமும் ஆகும். "இவ்வீட்டுக்குப் பாத்தியதை உண்டா?" என்று வங்கியில் கேட்டபோது, "ஏன் இல்லை, முழுப் பாத்தியதையும் எனக்கே" என்று மார்தட்டிச் சொன்ன நண்பரை நான் அறிவேன். அதைவிட ஆபத்தான சொல் ஒன்று உண்டு. நிலம் என்றால் நமக்கு எந்த மண்ணும் நிலமே. இந்நாட்டு ஆவணங்களிலோ நிலம் என்பது நெல் விளையும் நன்செய். வீடு கட்டுதற்கு உரியது புரையிடம். புரை என்பது வீடு. ஆதாரத்தில் 'நிலம்' என்று எழுதப்பட்டிருக்க, அதைக் கண்டும் முன்பணம் கொடுத்தவர், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னே கைபிசைந்து நிற்க நேரும். வேறு இடம் இல்லாதவர் சொந்தக் குடியிருப்புக்காக மாநகர எல்லைக்குள் 5 சென்ட் வரை இசைவு கேட்கலாம் எனினும், அது எளிதிற் கிட்டுவதன்று.

இந்தப் பிரிவினை ஏன் ஏற்பட்டது? ஊர் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். நம் நாட்டு வீடு தெருவைச் சார்ந்தது. சுவரோடு சுவர் சேர்ந்து, முன்னே திண்ணையும் பின்னே கிணறும் கொல்லையுமாக நீண்டு கிடப்பது. கரமனையின் பழைய தெருக்களில் இன்றும் அதனைக் காணலாம். மலையாளத்து வீடோ தோட்டத்தின் நடுவிலே தனித்து நிற்பது. வீட்டைச் சுற்றித் தென்னை, பலா, மா, கமுகு, மிளகுக்கொடி. இந்நகரத்தில் 'விளாகம்' என முடியும் வீட்டுப் பெயர்கள் எண்ணற்றவை. குமரி மாவட்டத்தில் அதுவே 'விளை' என முடியும் ஊர்ப் பெயர்களாகும். ஆகவே இந்நாட்டில் வீட்டைப் பற்றி எழுந்த சட்டமும் வழக்கமும் எல்லாம் சுவரைவிட மரத்தையே முதன்மையாகக் கருதி வளர்ந்தன.

காணம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பதிற்றுப்பத்தின் பதிகங்களிலே சேர மன்னர் புலவர்க்கு நூறாயிரம் காணம் பரிசளித்த செய்தி வருகிறது. அங்கே காணம் பொன். அந்தச் சேர நாட்டிலேயே பிற்காலத்தில் காணம் என்பது, நிலத்துக்கு உடையவனாகிய ஜன்மியிடம் குடியானவன் முன்னதாகக் கொடுக்கும் பணத்தின் பெயராயிற்று. கொடுத்த பணத்துக்கு உரிய வட்டியை ஆண்டுப் பாட்டத்தில் கழித்துக்கொண்டு, எஞ்சியதை மிச்சவாரம் என்று ஜன்மிக்கு அளப்பர். பாட்டம் 100 பணம், காணத்தின் வட்டி 30 பணம் எனக் கொண்டால், மிச்சவாரம் 70 பணம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொளிச்செழுத்து என்று புதுப்பித்தல் நடக்கும்; அதற்கும் ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். ஆதலால் காணம் என்பது பாதி குத்தகை, பாதி அடமானம். ஆங்கில நீதிமன்றங்கள் இதனை எந்தப் பெட்டியில் அடைப்பது என்று நெடுங்காலம் திகைத்ததில் வியப்பில்லை.

ஜன்மிக்கு மேலும் பணமுடை வந்தால், அக்குடியானவனிடமே மேலும் கடன் வாங்குவான். வட்டி ஏற ஏற மிச்சவாரம் குறையும். வட்டியே பாட்டம் முழுவதையும் விழுங்கிவிடும் நிலைக்கு ஒற்றி என்று பெயர். தென்பாண்டி நாட்டில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் நாம் வழங்குவது இதுவே. வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. பணம் கொடுத்தவன் மண்ணிலிருந்து அனுபவிப்பான், திருப்பிக் கொடுத்தால் வெளியேறுவான். மலையாள வழக்கிலே ஒற்றிக்காரனுக்கு மற்றொரு சிறப்பும் இருந்தது. ஜன்மி நிலத்தை விற்பதானால் முதலில் அவனிடமே கேட்க வேண்டும். இறுதியில் முற்றாக விற்பதற்கு அட்டிப்பேறு என்று பெயர். அட்டுதல் என்றால் ஊற்றுதல். நீர் வார்த்துக் கொடுத்த கொடை. ஒருவன் தன் மண்ணைப் படிப்படியாக இழந்து செல்வதற்கு இத்தனை பெயர்களைக் கண்ட மொழி வேறு உண்டோ என்று ஐயுறுகிறேன்.

இவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது குழிக்காணம். தரிசாகக் கிடக்கும் பறம்பைக் குடியானவனிடம் ஒப்படைத்து, "குழி வெட்டு, தென்னை வை, பலா வை" என்று விடுவது குழிக்காணம். பன்னிரண்டு ஆண்டுக் காலம் அவனை அசைத்தல் ஆகாது. அக்காலம் கழிந்து அவனை வெளியேற்றுவதானாலும், அவன் வைத்த மரங்களுக்கும் எடுத்த வேலிக்கும் உரிய விலையைக் கொடுத்தே வெளியேற்ற வேண்டும். இதனைக் குழிக்கூறு என்பர். மண் ஒருவனுடையது, மரமோ நட்டவனுடைய உழைப்பு. பன்னிரண்டு என்ற கணக்கு எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். நாட்டுத் தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். நன்கு பலன் தருவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். நட்டவன் தன் வியர்வையின் பயனைச் சிலகாலமேனும் உண்டு பார்க்க வேண்டும் என்ற நினைவு அவ்வழக்கில் இருந்திருத்தல் கூடும்.

வழக்கம் நன்றாயினும், வலியவன் கையில் அது வளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலபார்ப் பகுதியில் குடிகளை வெளியேற்றும் வழக்குகள் பெருகின. நட்ட தென்னைக்கு விலை கூறும்போது ஜன்மி ஒன்று சொல்வான், குடியானவன் ஒன்று சொல்வான். மலபார் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆதலின் சென்னையில்தான் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. குடிகள் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு கொடுக்கும் சட்டம் 1887-இல் பிறந்து, போதாமையால் 1900-இல் மீண்டும் இயற்றப்பட்டது.

திருவிதாங்கூரில் கதை வேறு. மார்த்தாண்டவர்மர் சிற்றரசரையும் பிரபுக்களையும் அடக்கி, 1750-ஆம் ஆண்டில் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அவ்வாறு அடக்கப்பட்டோரின் நிலங்களில் பெரும்பகுதி பண்டாரவகை ஆயிற்று. அரசே மிகப் பெரிய ஜன்மி. அரசின் குடியானவனுக்குக் குடியிருப்பு உண்டு, உழவு உண்டு. ஆயினும் அம்மண்ணைத் தன்னதென்று விற்கவோ அடமானம் வைக்கவோ தடையற்ற உரிமை இல்லை. வீட்டை ஈடு காட்டிக் கடன் வாங்குவதென்பது அவனுக்கு நிலையான வழியாக இருக்கவில்லை.

அந்நிலையை மாற்றியவர் கும்பகோணத்திலே பிறந்த ஒருவர் என்பதை நம் சங்கத்தார் நினைவில் கொள்ளலாம். தி. மாதவராவ் 1828-இல் பிறந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் திவானாக இருந்து, 1872-இல் விலகினார். அவர் திவானாக இருந்தபோது, 1865-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளிவந்தது. அரசின் பாட்ட நிலங்களை வைத்திருந்தோர் அவற்றைத் தடையின்றி விற்கலாம், ஒற்றி வைக்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். பொதுக் காரியத்துக்காக அரசு எடுத்துக்கொண்டால் ஈடு பெறலாம். குடிகளின் உரிமைச் சாசனம் என்று வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுவர். இரண்டே ஆண்டில், 1867-இல், ஜன்மிகளின் கீழிருந்த குடிகளுக்கும் ஒரு விளம்பரம் வந்தது: உரிய தொகையைக் கட்டிவரும் குடியை வெளியேற்றலாகாது. அது 1896-இல் ஜன்மி குடியான் சட்டமாக உருக்கொண்டது. இன்று நாம் ஒரு துண்டு மண்ணைக் காட்டி வங்கியில் கடன் கேட்கிறோமே, அதற்கு இந்நகரத்தில் அடிக்கல் அந்த 1865-ஆம் ஆண்டு விளம்பரமே என்பது என் கருத்து.

ஆயினும் மரத்தை எண்ணும் வழக்கம் உடனே மறையவில்லை. 1883 முதல் 1911 வரை நடந்த நில அளவையிலும் வரித்திட்டத்திலும் தோட்டத்துக்கு வரி மரக்கணக்கைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. தென்னைக்கு வரி, பலாவுக்கு வரி. 1946-இல் பரப்பளவைக் கொண்ட ஒரே சீரான அடிப்படை நிலவரி வந்தது. அதன்பின் அரசின் கணக்கில் மரம் மறைந்து போயிற்று.

கடன் கொடுப்போர் கதையை நீட்ட வேண்டியதில்லை. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் குயிலன் வங்கி முறிந்தபோது, வீட்டுக்கென்று சேர்த்த பணத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. 1945-இல் தோன்றிய திருவிதாங்கூர் வங்கி, 1960-இல் ஸ்டேட் வங்கித் திருவிதாங்கூராகி, 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய ஸ்டேட் வங்கியிற் கலந்தது. நடுத்தர மக்களுக்கு மாதத் தவணையில் வீட்டுக்கடன் என்பது 1977-இல் பம்பாயில் எச்.டி.எஃப்.சி. தோன்றிய பின்னரே நாடெங்கும் பரவலாயிற்று.

மாதத் தவணையின் கணக்கையும் ஒற்றியின் கண்கொண்டு ஒருமுறை பார்ப்பது நலம். 30 லட்சம் ரூபாய், நூற்றுக்கு 8.5 வட்டி, 20 ஆண்டு எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதம் அதில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும்; அசலிற் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. 20 ஆண்டு முடிவில் கட்டியிருக்கும் மொத்தம் ஏறத்தாழ 62 லட்சத்து 48 ஆயிரம். தொடக்க ஆண்டுகளில் நாம் மிச்சவாரம் அளக்கும் குடியானவர்களே! ஆகையால், கையில் மிகைப்பணம் வருமாயின் அதை முதல் ஆண்டுகளிலேயே அசலில் கட்டுவோர் அறிவுடையோர். பதினெட்டாம் ஆண்டில் கட்டுவதால் மிஞ்சுவது சொற்பமே.

வேறொன்றில் நாம் பண்டை ஒற்றிக்காரரினும் பாதுகாப்பாக உள்ளோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், கடனைத் தீர்த்தால் சொத்தை மீட்கும் உரிமையை 60-ஆம் பிரிவில் உறுதி செய்கிறது. அனுபவ ஒற்றியில் அவ்வுரிமை ஆண்டுக்கணக்கால் தானே மறைந்துவிடாது என்று உச்ச நீதிமன்றமும் 2014-இல் தீர்ப்பளித்தது. பாட்டன் ஒற்றி வைத்த தோட்டத்தைப் பேரன் பணம் கட்டி மீட்கலாம். ஊரில் அத்தகைய பழைய ஓலையோ பத்திரமோ வைத்திருப்போர் அதனைக் குப்பையில் இடாதிருப்பாராக.

தோட்டத்துக்கு வருவோம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963-இல் இயற்றப்பட்டு, 1969-இல் திருத்தப்பட்டது. 1970 ஜனவரி முதல் நாள் குத்தகை முறை ஒழிந்தது. காணமும் குழிக்காணமும் அன்றே வரலாறாயின. குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்பார் தாம் இருந்த மண்ணை விலைக்குப் பெறலாம் என்று அச்சட்டம் கூறியது. ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட். இம்மூன்று சென்ட் இன்று நம்மனோர் வாங்கும் மனையின் அளவாகவும் ஆகிவிட்டது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தென்னைக்குத் தென்னை ஏழரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது வேளாண் அறிஞர் கணக்கு. ஒரு மரத்துக்கு ஏறத்தாழ 1.4 சென்ட். அவ்வாறாயின் மூன்று சென்டில் இரண்டு தென்னை வைத்தால் வீட்டுக்கு இடமில்லை! மூலைக்கு ஒன்றாக நான்கு நட்டு, ஐந்தாம் ஆண்டில் மட்டை கூரையில் விழ, பக்கத்து வீட்டாரோடு பூசலிட்டு, பத்தாம் ஆண்டில் வெட்டிச் சாய்ப்பதை நான் இக்காலனியிலேயே கண்டிருக்கிறேன். ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, சுவரோரம் மிளகு, கிணற்றங்கரையில் வாழை. சிறுமனைக்கு இது போதும்.

வீட்டுச் செலவைக் குறைத்தும் மரத்தைக் காத்தும் கட்டலாம் என்று இவ்வூரிலேயே செய்து காட்டியவர் லாரி பேக்கர். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை எழுப்பியபோது, நின்ற மரங்களுக்கு ஏற்பச் சுவரை வளைத்தாரேயன்றிச் சுவருக்காக மரத்தை வெட்டவில்லை. செங்கலை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டுமுறையால் கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். 2007-இல் அவர் மறைந்தார். பூச்சில்லாத சுவர் நம் பெண்டிர்க்கு ஏனோ பிடிப்பதில்லை. கடன் தொகையைக் காட்டினால் ஒருவேளை பிடிக்கும்.

என் வீட்டுக்கு விலை மதிக்க வங்கியின் சார்பில் பொறியாளர் ஒருவர் வந்தார். சுவரை அளந்தார், தளத்தை அளந்தார், கழிவறைக் குழாயைத் திருகிப் பார்த்தார். கொல்லையில் நின்ற பலா ஆண்டுக்கு முப்பது நாற்பது பழம் கொடுப்பது. "இதற்கு?" என்றேன். "மரத்துக்குக் கட்டம் இல்லை, ஐயா" என்று படிவத்தைக் காட்டினார். குழிக்கூறு கணக்கிட்ட நாட்டிலே இது சற்று வேடிக்கையாக இருந்தது. போகும்போது ஒரு பழம் கொடுத்தனுப்பினோம்.

புதுமனை புகுவோர்க்கு ஒரு குறிப்பு. இவ்வூர் மண் பெரும்பாலும் செம்பாறை மண். தென்னைக்கு நாலடி ஆழமும் நாலடி அகலமுமாகக் குழி வெட்டி, அடியில் இரண்டு கிலோ கறியுப்பு இட்டு ஆறுமாதம் விட்டால் பாறை இளகும். கன்று நடுவது இடவப்பாதி மழையின் தொடக்கத்தில். ஆகவே கிரகப்பிரவேசம் தையிலோ வைகாசியிலோ ஆகட்டும். குழியை மட்டும் கார்த்திகையிலேயே வெட்டிவிட வேண்டும்.