ஆலைச் சத்தமா, ஆண்டறிக்கையா?

‘இண்டஸ்ட்ரியல்’ இசை என்றதும் பலருக்குச் சம்மட்டி அடிதான் நினைவுக்கு வரும். பெயர் பிறந்த இடத்தில் சம்மட்டி இல்லை.

லண்டனின் த்ராபிங் கிரிஸ்டில் குழு 1977இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டை, நாற்பதாம் ஆண்டையொட்டி மியூட் நிறுவனம் 2017 நவம்பரில் மீண்டும் வினைலில் கொண்டுவந்தது. முதல் பதிப்பு 785 பிரதிகள்தான். வெள்ளை அட்டை, அதில் ஒட்டிய ஒரு தாள். தலைப்பு ‘தி செகண்ட் ஆன்யுவல் ரிப்போர்ட்’, அதாவது இரண்டாம் ஆண்டறிக்கை. முதலாவது என்று எந்தத் தட்டும் அதற்குமுன் வரவில்லை. ஒரே உருப்படி வெவ்வேறு அரங்குகளில் ஒலித்த பதிவுகள், ஊர்ப் பெயரோடு கோப்பில் அடுக்கியதுபோல் அடுத்தடுத்து வருகின்றன.

1976இல் இவர்கள் தொடங்கிய நிறுவனம் ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’. ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற சொல்லை முழக்கமாக்கித் தந்தவர் அமெரிக்கக் கலைஞர் மான்டி கசாசா. எனக்குப் பின்சொல்தான் முக்கியம். கல்யாண வீட்டில் போடுவதும் ரிக்கார்டு, தாலுகா அலுவலகத்தில் பூட்டி வைப்பதும் ரிக்கார்டு. அந்த இரட்டைப் பொருளை இவர்கள் தெரிந்தே எடுத்தார்கள்.

முன்சொல்லின் வேர் லத்தீன் ‘இண்டஸ்ட்ரியா’. அதற்கு ஆலை என்ற பொருளே கிடையாது. விடாமுயற்சி என்பதுதான் பொருள். ஒரு மனிதரின் குணமாக இருந்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் உற்பத்தித் துறைக்குப் பெயராயிற்று. பழைய பொருள் ‘இண்டஸ்ட்ரியஸ்’ என்ற சொல்லில் ஒதுங்கிக்கொண்டது. நம் ‘தொழில்’ என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு வழி உண்டு: இலக்கணத்தில் அது வெறும் செயல், தொழிற்பெயரில் இன்றும் அப்படியே நிற்கிறது.

இரும்பைத் தட்டிய ஓசை பின்னால் வந்தது. மேற்கு பெர்லினில் 1980இல் தோன்றிய ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பாவ்டன் குழு தகரத்தையும் துளைக்கும் கருவியையும் மேடையேற்றியது. பிறகு அமெரிக்கக் குழுக்கள் எந்திரத் தாளத்தைக் கெட்டியாக்க, பெயர் அந்த ஒலிக்கே ஒட்டிக்கொண்டது. அதனால் ‘தொழிற்சாலை இசை’ என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையும் கோப்பும் அதில் விடுபட்டுப்போகின்றன.

ஹாக்னியில் இருந்த தங்கள் பதிவுக்கூடத்துக்கு இவர்களே ‘மரணத் தொழிற்சாலை’ என்றுதான் பெயரிட்டார்கள் என்பது என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். ஆனால் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் சின்னத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒரு ஆலைக் கட்டடம்போல் இருக்கும். அது நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் எரியூட்டுக்கூடம்.