எண் இருக்கிறது, காரணம் எங்கே?

சென்ற வாரம் உத்திரமேரூர் போயிருந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகள் நம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று 919, மற்றது 921. முதலாவதில் வாரிய உறுப்பினரின் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே வருடத்தில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறிவிட்டது. தீயவர் ஒழிந்து நல்லவர் வளர வேண்டும் என்ற பொது நோக்கத்தைப் பொறித்தவர்கள், வயதை ஏன் மாற்றினார்கள் என்று சொல்லவில்லை. சின்ன வயசுக்காரர்களால் தொல்லையா, அனுபவசாலிகள் போதவில்லையா? ஆயிரம் வருடம் கழித்து நாம் ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

அங்கே நின்றபோது என் பழைய தவறு நினைவுக்கு வந்தது. நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். பல கிளைகளிலிருந்து வரும் வேலைகளை ஒரே புரோகிராம் சுற்றிச் சுற்றி வந்து கவனிக்கும். 'ஈவென்ட் லூப்' என்பார்கள். ஓட்டலில் ஒரே சர்வர் எல்லா மேசையையும் பார்ப்பது மாதிரி. ஒரு மேசையிலேயே நின்றால் அங்கே வேலை சீக்கிரம் முடியும். மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். அதனால் ஒரு சுற்றில் ஒரு கிளையிடம் 20 வேலைக்கு மேல் எடுக்காதே என்று எழுதினேன். பல இரவு சோதித்துக் கண்ட எண். காரணத்தை மட்டும் எழுதவில்லை.

நான் வேறு பிரிவுக்குப் போனபின் வந்த பையன், வேகம் கூடட்டும் என்று அதை 200 ஆக்கினான். பெரிய கிளையில் வேலை பறந்தது. சின்னக் கிளைகளில் ஜனங்கள் கியூவில் நின்றார்கள். திட்டு வாங்கியவன் அவன், தவறு என்னுடையது.

இதை நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 2009இல் வந்த நோட் ஜேஎஸ்ஸுக்கு அடியில் ஓடுவது லிப்யூவி. நான் படித்த லினக்ஸ் பகுதியில், அது ஒரு தடவைக்கு 1024 வேலை வரை அள்ளும். அள்ளியது நிரம்பியிருந்தால் மிச்சம் இருக்கலாம் என்று மறுபடி அள்ளும். ஆனால் 48 தடவைதான். அந்த 48க்குப் பக்கத்திலேயே, அதிக வேலை முடிய இந்த எண் நல்லது எனச் சோதனைகள் காட்டுவதாக ஒரு வரிக் குறிப்பு. படித்தவன் தானும் சோதிக்காமல் கை வைக்க மாட்டான். அதுவும் பாதிக் காரணம்தான். அதற்குள் மற்ற வேலைகள் எவ்வளவு காத்திருக்கும் என்பது அதில் இல்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனுக்குப் போன் செய்து வருத்தம் தெரிவித்தேன். "அதை விடுங்க சார், அந்த 20 எப்படி வந்தது?" என்றான். சொன்னேன். எனக்கே பாதிதான் ஞாபகம் இருந்தது.