பச்சை மையும் சிவப்புத் திரையும்



போன வாரம் இரவு பத்தரை மணிக்கு, திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் போட்டான். வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். "சார், தளத்தைத் திறந்தா பாதுகாப்பு இல்லைன்னு சிவப்பா வருது. கீழே 'அட்வான்ஸ்டு'ன்னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்கி உள்ள போயிரட்டுமா? பணம் வேற கட்டணும்" என்றான். பொறுப்பா என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த காலத்தில், ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் மார்க் சீட் நகலோடு கெஜடட் அதிகாரியைத் தேடி வெயிலில் அலைவார்கள். பச்சை மையில் ஒரு கையெழுத்து, கீழே முத்திரை. சென்னையில் நகலை வாங்குகிறவருக்கு அந்த அதிகாரியின் முகம் தெரியாது. பதவியை நம்பித்தான் வாங்குவார். பிரவுசர் செய்வதும் இதுதான். தளம் நீட்டும் சான்றிதழில் யார் கையெழுத்து, அவருக்கு அந்த அதிகாரம் கொடுத்தவர் யார் என்று மேலே மேலே போய்ப் பார்க்கும். கடைசியில் இருப்பவர் பெயர் தன்னிடமுள்ள பட்டியலில் இருந்தால்தான் கதவு திறக்கும். இந்தச் சான்றிதழ் யோசனையை 1978-இல் எழுதியவர் கோன்ஃபெல்டர். எம்.ஐ.டி.யில் இளநிலைப் பட்டத்துக்காக அவர் கொடுத்த ஆய்வேடு அது. மாணவன் எழுதியது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

(இப்போது நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்றாகிவிட்டது. பிரவுசர் மட்டும் சுயசான்றை இன்னும் ஒப்புக்கொள்வதில்லை.)

முத்திரையே திருடுபோனால்? 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தில் அதுதான் நடந்தது. உள்ளே புகுந்தவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்து, ஈரானில் லட்சக்கணக்கானவர்களின் இணைப்பில் குறுக்கே புகுந்தார்கள். பிரவுசர்கள் அந்த முத்திரையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டன. செப்டம்பரிலேயே நிறுவனம் திவால்.

நம் நாட்டுக் கதை 2014-இல். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி இங்கே இந்த முத்திரைகளுக்கெல்லாம் மேலே இருப்பவர் சிசிஏ என்னும் கட்டுப்பாட்டு அதிகாரி. அவருக்குக் கீழே சான்றிதழ் கொடுத்துவந்த அமைப்புகளில் தேசிய தகவல் மையமும் ஒன்று. அந்த மையத்தின் முத்திரையோடு கூகுள் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதை ஜூலை 2-ஆம் தேதி கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே சிசிஏ அந்த முத்திரையை ரத்து செய்தது. மையத்தின் வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவிவிட்டதாகவும், போலி நான்கே என்றும் விளக்கம் வந்தது: கூகுளுக்கு மூன்று, யாஹூவுக்கு ஒன்று. அந்த நான்கில் சேராதவையும் தங்கள் கண்ணில் பட்டன என்றது கூகுள். அதன் பிறகு குரோம், நம் அரசின் மூல முத்திரையை அரசுத் தளங்கள், ரிசர்வ் வங்கி என ஏழே முகவரி வட்டங்களுக்குள் அடக்கிவிட்டது. ஃபயர்பாக்ஸ் பட்டியலில் அந்த முத்திரை முதலிலிருந்தே இல்லை.

படித்தபோது எனக்கு ரோஷம் வந்தது. நம் சர்க்கார் முத்திரையை நம்பமாட்டேன் என்பதற்கு இவன் யார்? அப்புறம் யோசித்தேன். முத்திரையைப் பூட்டிவைக்காத ஆபீசில் அட்டெஸ்டேஷன் வாங்கிய பையனை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேனே.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். "கம்ப்யூட்டர்ல இப்ப என்ன தேதி காட்டுது?"

"2012 ஜனவரி, சார்!"

பழைய கம்ப்யூட்டர். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருக்கும். மின்வெட்டுக் காலத்தில் எங்கள் பள்ளி லேபில் இது தினசரிக் கூத்து. சான்றிதழுக்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் உண்டு. 2012-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இந்த வருடச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதி சரியாக இருந்தும் சிவப்பு வந்தால், வேறு போனில், சொந்த டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரிலோ அந்த வைஃபையிலோ இருக்கிறது. எங்கே திறந்தாலும் சிவப்பு என்றால் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பணம் மட்டும் கட்டாதீர்கள்.

தேதியை மாற்றியதும் தளம் திறந்தது. பதினொன்றே காலுக்குப் பணம் கட்டி ரசீதை அனுப்பினான். பேட்டரி வாங்க மறுநாள் அருப்புக்கோட்டை வந்தவன், வீட்டுக்கு வந்து ஒரு முழம் மல்லிகையும் கொடுத்துவிட்டுப் போனான்.