ஓலையும் உறையும்: கணினிச் செய்தி வடிவம் பெற்ற வரலாறு

அறிந்தவர் இருவருக்கிடையே செய்தி செல்வதற்குச் சொல் ஒன்றே போதும். அறியாதவரிடம் செய்தி செல்ல வேண்டுமாயின், சொல்லோடு வடிவமும் வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் செக்ரோல் ஏடு இதற்குத் தக்க சான்றாகும்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபகுதியில், தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ அமைந்த ஊர் கம்போங் ராஜா. 1885ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே மலைக்குப் பெயராயிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் தேயிலை இங்கே பெருந்தொழிலாய் வளர்ந்தது; கொழுந்து பறிக்கத் தமிழர் வந்தனர். கொழுந்தை நிறுத்ததும் கிராணியார் ஏட்டில் ஒரு பெயருக்கு நேரே ஓர் எண்ணை எழுதுவார். அவ்வெண் எடையா, நாளா, கூலியா என்று தோட்டத்தில் எவரும் வினவுவதில்லை. எந்தக் கட்டத்தில் எது நிற்கும் என்பது அனைவரும் அறிந்தது. ஆனால், அவ்வேட்டின் ஒரு வரியை மட்டும் பெயர்த்தெடுத்து வேற்றூருக்கு அனுப்பினால், அது பொருளற்ற எண்களின் கூட்டமாகிவிடும்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலத்தில் எழுந்த இடரும் இதுவே. ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டங்களைத் தனக்கேற்ற வரிசையில் வைத்திருந்தது. ஒருவர் வரிசை மற்றவருக்கு விளங்கவில்லை. கட்டத்தின் தலைப்பையும் எண்ணோடு சேர்த்தே அனுப்புவதுதான் இதற்குக் கண்ட தீர்வாகும். எக்ஸ்.எம்.எல். எனப்படும் குறிமொழியின் உட்பொருள் இவ்வளவே.

இலக்கியத்தினின்று பிறந்த தொழில்நுட்பம்

இக்குறிமொழியின் மூலம் வணிகக் கணக்கு அன்று. ஆவணமும் நூலுமே ஆகும். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் சட்ட ஆவணங்களைக் கணினியில் கையாள ஒரு குறிமொழியை வகுத்தனர். மூவர் பெயரின் முதலெழுத்துகளே அதற்கு ஜி.எம்.எல். என்னும் பெயரைத் தந்தன. அதன் வழித்தோன்றலான எஸ்.ஜி.எம்.எல். 1986இல் உலகத் தரமாயிற்று. எனினும் அது பெரிதும் சிக்கலானது. அதனைச் சுருக்கி எளிதாக்கிய வடிவமே எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரி 10ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனை வெளியிட்டது.

அதன் பதிப்பாசிரியர் மூவருள் டிம் பிரே, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொணர்ந்த பணியில் ஈடுபட்டவர். ஸ்பெர்பெர்க்-மெக்குவீன், இலக்கியப் பனுவல்களைக் குறியிடும் முயற்சிக்குத் தலைநின்ற மொழியறிஞர். அகராதியும் பழம்பனுவலும் கற்பித்த பாடம் வணிகத்துக்கும் கருவியாயிற்று. தமிழாசிரியர்கள் எண்ணி மகிழத்தக்க செய்தி இது.

இதன் இலக்கணம் சிறிது. ஒவ்வொரு செய்தியையும் கோணக் குறிகளுக்குள் அதன் பெயரை எழுதித் தொடங்க வேண்டும். அதே பெயரைச் சாய்கோட்டுடன் எழுதி முடிக்க வேண்டும். 'விலை' என்று திறந்ததை 'விலை' என்றே மூட வேண்டும். உள்ளே திறந்தது உள்ளேயே முடிய வேண்டும். அனைத்தையும் அடக்கிய வேர் ஒன்றே இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும், படிக்கும் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும். பொருளை ஊகித்து மேற்செல்லலாகாது. இணையப் பக்கத்தின் பிழைகளை உலாவிகள் பொறுத்துக்கொள்கின்றன. எக்ஸ்.எம்.எல். பொறுப்பதில்லை. ஊகம் புகுந்தால் கணக்கு கெடும் என்பதே இக்கண்டிப்பின் காரணம்.

உறையும் மடலும்

மடல் அமைந்தபின் அதனை இட்டனுப்ப உறை தேவைப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் சோப் 1.1 என்னும் நெறி வலைக் கூட்டமைப்பின்முன் வைக்கப்பட்டது. உறை, அதனுள் தலைப்பு, அதன்பின் உடல் என அது அமைந்தது. சேவை கேட்கும் கணினி இவ்வடிவில் செய்தி விடுக்க, சேவை தரும் கணினி அவ்வடிவிலேயே மறுமொழி தந்தது. பின்னாளில் உறையைக் களைந்து மடலை மட்டும் அனுப்பும் எளிய முறைகள் பரவின. ஜேசன் என்னும் மெலிந்த வடிவமும் வந்தது. உறை மாறினும் மடலுக்கு வடிவம் வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

வணிக மடல்களுக்கென வகுக்கப்பட்ட பொதுவடிவம் யு.பி.எல். ஆகும். அதன் 2.1ஆம் பதிப்பு 2013இல் தரமாயிற்று. மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் 'மைஇன்வாய்ஸ்' முறை இப்பதிப்பையே அடிப்படையாகக் கொண்டு, எக்ஸ்.எம்.எல். அல்லது ஜேசன் வடிவில் விலைப்பட்டியல்களை ஏற்கிறது. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் தொடங்கிய இக்கடமை, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களையும் எட்டியது. கம்போங் ராஜாவிலிருந்து இவ்வடிவில் ஒரு பட்டியல் செல்லுமாயின், அதில் 'பகாங்' என்னும் சொல்லுக்கு ஈடாக 06 என்னும் குறியெண் நிற்கும்.

இத்தகைய மடலைக் கட்டுவதில் தொடக்கத்தார் செய்யும் தவறு ஒன்றுண்டு. சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியே மடலை ஆக்கிவிடலாம் என்று கருதுவர். கடையின் பெயரில் '& சன்ஸ்' என்று வந்துவிட்டால் அம்முறை முறிந்துவிடும். & குறி எக்ஸ்.எம்.எல்.லில் தனிப்பணி உடையது; அதற்கென வகுத்த ஐந்தெழுத்துத் தொடரால்தான் அதனை எழுத வேண்டும். எனவே செய்தியை முதலில் வேர், கிளை, இலை எனக் கணினியின் நினைவில் மரமாக அமைத்து, எழுதும் பணியை அதற்குரிய நிரலிடம் விடுவதே முறை. அதன்பின் யு.பி.எல். வகுத்த வரிசையோடு ஒப்பிட வேண்டும். இறுதியாக மடல் முழுவதற்கும் ஒரு கணிதச் சுருக்கம் எடுக்கப்படுகிறது. அதன்பின் ஓர் இடைவெளி கூடினாலும் சுருக்கம் மாறித் திருத்தத்தைக் காட்டிவிடும்.

தமிழுக்கு உள்ள இடம்

ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஓரிடத்தில் எழுதியது வேறிடத்தில் சிதைந்து தோன்றியது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எக்ஸ்.எம்.எல். அந்த யூனிகோடையே அடித்தளமாகக் கொண்டது. ஆகவே, செய்தியை மட்டுமன்றிக் குறிப்பெயர்களையும் தமிழில் எழுத 1998ஆம் ஆண்டு முதலே விதி இடந்தருகிறது. ஆயினும் ஒரு குறை இருந்தது. அன்றைய பட்டியலில் தமிழ் எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையே இருந்தன. தமிழ்ச் சுழியம் யூனிகோடில் சேர்ந்தது 2005இல்தான். பட்டியலில் இடம் பெறாத எழுத்து இயந்திரத்துக்கு இல்லாத எழுத்தே. அவ்விடத்தைக் கேட்டுப் பெறுவதும் மொழிப்பணியே ஆகும்.

வடிவம் காட்டாத மெய்

செய்திக்கு வடிவம் வகுத்த மரபு தமிழருக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுத்த சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் அதன் நடைமுறையைப் படிப்படியாகக் கூறுகின்றன. அரசன் வாய்மொழியை ஓலையில் எழுதுவோன் ஒருவன். அதனை ஒப்பிட்டு நோக்கும் ஓலைநாயகத்தார் வேறு. வரிக்கணக்கில் பதிவோர் வேறு. வருவாய் 8943 கலம், 2 தூணி, 1 குறுணி, 1 நாழி நெல் என நாழி வரை குறிக்கப்பட்டது. கடல் கடந்த அரசனுக்கும் உள்ளூர் நாட்டாருக்கும் ஐயம் எழாதிருக்க அத்துணை வடிவம் வேண்டியிருந்தது.

ஆனால் சோழர் அதனோடு நின்றுவிடவில்லை. திருமுகம் பெற்ற நாட்டார் பிடி யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்தனர். ஓலையில் எழுதியது மண்ணில் உள்ளதா என்று கண்டனர். இன்றைய முறையில் இவ்விடமே மெலிந்தது. மடல் இலக்கணப் பிழையின்றி இருப்பதையும், வேண்டிய கட்டங்கள் நிரம்பியிருப்பதையும், எண்கள் வகுத்த விதிக்கு அடங்கியிருப்பதையும் இயந்திரம் நொடியில் சொல்லிவிடும். 500 கிலோ என எழுதிய தேயிலை 500 கிலோதானா என்பதை அது சொல்லாது. பிழையற்ற வாக்கியத்தில் பொய்யும் அமையும் அன்றோ? ஏற்கப்பட்ட பட்டியலை விற்றவர் நீக்கவும், வாங்கியவர் மறுப்புக் கோரவும் 72 மணி நேரம் தரப்பட்டிருப்பது இதனாலேயே பொருளுடைத்து. அந்நேரத்துக்குள் தராசையும் பட்டியலையும் ஒப்பிட்டு நோக்க வேண்டியவர் மனிதரே.